ஏற்றத்தில் வாட் எல்லாம் எங்கே போகிறது?

காற்று வீசாத காலையில், சமதளச் சாலையில், 200 வாட் திறனோடு பெடல் மிதிக்கிற ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 33 கி.மீ. வேகத்தில் போவார். அதே ஆள், அதே சைக்கிள், கால் கொடுப்பதும் அதே 200 வாட். சாலை 8 சதவீதம் ஏற ஆரம்பித்ததும் வேகம் 10 கி.மீ.க்கு வந்துவிடும். இத்தனைக்கும் 8 சதவீதம் என்பது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயர்வது, அவ்வளவுதான். கோணமாகச் சொன்னால் 4.6 டிகிரி. காரில் போகிறவர் கவனிக்கக்கூட மாட்டார்.

மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இந்த வேகக் குறைவை உடல் பலவீனமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் எடை குறைந்த சைக்கிள், கார்பன் சக்கரம் என்று செலவு செய்கிறார்கள். கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் பணம் போட்டால் பயன் உண்டு, எங்கே இல்லை என்பது தெளிவாகத் தெரியும். பள்ளிக்கூட இயற்பியலைத் தாண்டி இதில் எதுவும் இல்லை.

சைக்கிள் முன்னே போவதை மூன்று விஷயங்கள் தடுக்கின்றன. முதலாவது காற்று. இரண்டாவது, டயர் நசுங்கி நசுங்கி உருளும்போது ஏற்படும் உருளல் தடை. மூன்றாவது, ஏற்றத்தில் மட்டும் வருவது, புவியீர்ப்பு. இந்த மூன்றையும் நியூட்டன் கணக்கில் கூட்டி, வேகத்தால் பெருக்கினால் தேவையான திறன் வாட்டில் கிடைக்கும். செயினிலும் பற்சக்கரத்திலும் போகிற இரண்டு மூன்று சதவீதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கணக்குக்கு 70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சைக்கிள், தண்ணீர் பாட்டில், ஷூ, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து இன்னொரு 10 கிலோ. மொத்தம் 80 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில் இந்த எடையைப் பின்னுக்கு இழுக்கிற விசை சுமார் 63 நியூட்டன். உருளல் தடை, சாதாரண டயரில் சாதாரணத் தாரோட்டில், 4 நியூட்டன். காற்று? மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது ஒன்றரை நியூட்டனைச் சற்றுத் தாண்டும். ஆக மொத்தம் 68 நியூட்டன். அதில் 92 சதவீதம் புவியீர்ப்புக்கே போகிறது. சமதளத்தில் 33 கி.மீ. வேகத்தில் கணக்கு தலைகீழ்: அங்கே ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்று தின்றுவிடும், மிச்சம் டயருக்கு.

இந்த இரண்டு எதிரிகளின் குணமும் வேறு வேறு. காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அதை இரண்டு மடங்கு வேகத்தில் வெல்ல வேண்டியிருப்பதால் தேவையான திறன் எட்டு மடங்கு. புவியீர்ப்பு அப்படியில்லை. நீங்கள் 5 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் 20 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் அதே 63 நியூட்டன்தான் இழுக்கும். அதனால் ஏற்றத்தில் திறனும் வேகமும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் கூடும்.

நம் ஆள் 200 வாட்டை 400 வாட்டாக ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். (சாதாரண மனிதரால் சில நிமிடத்துக்கு மேல் முடியாது. கணக்குக்காகச் சொல்கிறேன்.) சமதளத்தில் அவர் வேகம் 33 கி.மீ.யிலிருந்து 42 கி.மீ. ஆகும். இரட்டிப்பு உழைப்புக்குக் கிடைத்தது 9 கி.மீ. 8 சதவீத ஏற்றத்திலோ 10.2 கி.மீ.யிலிருந்து 19.3 கி.மீ. ஆகிவிடும். இன்னும் நடைமுறையான கணக்கு வேண்டுமானால், சில மாதப் பயிற்சியில் 200 வாட் 220 வாட் ஆகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் வேகம் மூன்றரை சதவீதம்தான் கூடும். எதிர்க்காற்று கொஞ்சம் வீசினால் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. ஏற்றத்தில் ஒன்பதரை சதவீதம் கூடும். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் மிச்சம். மலை கடினமானது என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் கூடுதலாக உழைத்த உழைப்புக்குக் கிட்டத்தட்ட முழுக் கூலியும் கிடைப்பது மலையில்தான்.

புவியீர்ப்புக்கு எடைதான் எல்லாம் என்பதால், ஏற்றத்தில் வெறும் வாட்டைப் பார்த்துப் பயனில்லை. ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்று பார்க்க வேண்டும். சமதளத்தில் தனியாக ஓட்டும் நேரப் போட்டிகளில் பெரிய உடம்புக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். உடம்பு பெரிதாகும்போது தசை கூடும் அளவுக்குக் காற்றை எதிர்க்கும் பரப்பு கூடுவதில்லை. 1991 முதல் 1995 வரை பிரான்ஸின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் தெ பிரான்ஸைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஸ்பெயினின் மிகேல் இந்துராயின் சுமார் 80 கிலோ எடையுள்ளவர், நேரப் போட்டிகளில் அசைக்க முடியாதவர். அவருக்குப் பின் மலைகளில் பேர் வாங்கிய இத்தாலியின் மார்கோ பந்தானி 57 கிலோ அளவிலேயே இருந்தவர்.

பந்தானி பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மலை, பிரான்ஸின் ஆல்ப் துவெஸ். 13.8 கி.மீ. நீளம், சராசரி 8.1 சதவீத ஏற்றம், 21 கொண்டை ஊசி வளைவுகள். 1952இல் டூர் தெ பிரான்ஸ் முதன்முதலாக அங்கே ஏறியபோது இத்தாலிய வீரர் பௌஸ்தோ கோப்பி வென்றார். 1997இல் பந்தானி 37 நிமிடம் 35 விநாடியில் ஏறியது இன்றுவரை பேசப்படுகிறது. நம் 80 கிலோ கணக்கு ஆள் அதே மலையில் 200 வாட்டோடு ஏறினால் 82 நிமிடம் ஆகும். 400 வாட் கொடுத்தால்கூட 43 நிமிடம். பந்தானியின் சராசரி வேகம் மணிக்கு 22 கி.மீ.; நம்மில் பலர் சமதளத்தில் கடைக்குப் போகும் வேகத்தைவிட அதிகம்.

ஏறும் திறமையை ஒப்பிட, மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறார் என்ற அளவு ஒன்று உண்டு. அதைப் பரப்பியவர் இத்தாலிய மருத்துவர் மிகேலே பெராரி. கிலோமீட்டர் கணக்கு மலைக்கு மலை மாறும். உயரக் கணக்கு அவ்வளவாக மாறாது. பெராரி தந்த தோராயச் சூத்திரம் எளிது: சரிவுச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி 200ஐக் கூட்டுங்கள்; மணிக்கு ஏறிய மீட்டரை அதனால் வகுங்கள்; கிலோவுக்கு எத்தனை வாட் என்பது வந்துவிடும். பந்தானிக்கு மணிக்கு ஏறத்தாழ 1,780 மீட்டர். அதை 281ஆல் வகுத்தால் கிலோவுக்கு 6.3 வாட். நம் ஆள் மணிக்கு 820 மீட்டர் போல ஏறுகிறார், கிலோவுக்கு 2.9 வாட் வருகிறது. 70 கிலோவால் பெருக்கினால் 204 வாட். நாம் ஆரம்பித்த 200க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது பாருங்கள்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1990களின் பிற்பகுதி, ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் ஈபிஓ என்ற ஊக்கமருந்தின் காலம். 1998 டூரில் எடுக்கப்பட்டு, பின்னாளில் மறுபரிசோதனை செய்யப்பட்ட பந்தானியின் மாதிரிகளில் அந்த மருந்து இருந்ததை 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. பெராரிக்கு 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு வாழ்நாள் தடை விதித்தது. சூத்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. எடையும் உயரமும் நேரமும் கொடுத்தால் அது வாட்டைச் சொல்லும். அந்த வாட் எப்படி வந்தது என்று சொல்லாது. மலையேறிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து யார்மேல் சந்தேகப்படலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. 2024 ஜூலையில் ஸ்லோவேனிய வீரர் தாதே பொகாச்சார் பிளாத்தோ தெ பெயி மலையில் பந்தானியின் 1998 நேரத்தை மூன்று நிமிடத்துக்கு மேல் முறியடித்தார். இடைப்பட்ட காலத்தில் டயரும் சைக்கிளும் மாறிவிட்டன. பந்தயத்தின்போது மணிக்கு 100 கிராமுக்கும் மேல் மாவுச்சத்து உட்கொள்ளப் பழகிவிட்டார்கள். முன்னால் சக வீரர்கள் எவ்வளவு நேரம் இழுத்தார்கள், காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையெல்லாம் கடிகாரம் காட்டாது.

சரி, எடைக்கு வருவோம். கடைக்காரர்கள் அதிகம் பேசும் விஷயம் இது. 80 கிலோவில் ஒரு கிலோ குறைத்தால் எடை 1.25 சதவீதம் குறைகிறது. ஏறும் நேரமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 82 நிமிட ஆல்ப் துவெஸில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 100 கிராமுக்கு 6 விநாடி. கார்பன் ஹேண்டில்பாரில் 100 கிராம் குறைக்க ஆகும் செலவு எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள், அப்புறம் அந்த 6 விநாடி உங்களுக்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள். பந்தய வீரருக்கு 6 விநாடி பெரிது. ஆனால் அவருக்கும் ஒரு எல்லை உண்டு: பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதி, 2000இலிருந்து நடப்பில் இருக்கிறது.

எடை குறைந்த சக்கரம் ஏற்றத்தில் இரட்டிப்புப் பலன் தரும் என்ற நம்பிக்கை நம்மூரிலும் பரவலாக இருக்கிறது. ரிம்மின் எடை சுழல்கிற எடை, ஆகவே அது இரண்டு மடங்குக்குச் சமம் என்பார்கள். வேகத்தைக் கூட்டும்போது அது உண்மை: சக்கரம் முன்னேயும் போக வேண்டும், சுழலவும் வேண்டும், இரண்டுக்கும் ஆற்றல் தேவை. ஆனால் ஒரே வேகத்தில் ஏறும்போது வேகம் கூட்டப்படுவதே இல்லை. ரிம்மில் இருக்கும் 100 கிராமும் பாட்டிலில் இருக்கும் 100 கிராமும் ஒரே உயரம்தான் ஏறுகின்றன. ஒவ்வொரு மிதியிலும் வேகம் கொஞ்சம் ஏறி இறங்குகிறதே என்று கேட்கலாம். வேகம் கூடும்போது சக்கரம் வாங்கிக்கொள்ளும் ஆற்றலை வேகம் குறையும்போது திருப்பிக் கொடுத்துவிடும், நஷ்டம் இல்லை.

இதற்கு நேர்மாறாக, யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் பெரிய லாபம் கிடக்கிறது: டயர். தடித்த, சொரசொரப்பான, மலிவான டயரின் உருளல் தடைக்கெழு, அதாவது எடையில் எத்தனை பங்கு தடையாக மாறுகிறது என்ற எண், 0.006 இருக்கலாம். நல்ல மெல்லிய உறையுள்ள டயரில் 0.004 வரும். வித்தியாசம் 0.002தான். நம் 80 கிலோவுக்கு அது 1.6 நியூட்டன். 8 சதவீத ஏற்றத்தில் ஒரு கிலோ எடை இழுக்கும் விசை 0.8 நியூட்டன் என்பதால், டயரை மாற்றுவது ஏறக்குறைய 2 கிலோ எடை குறைப்பதற்குச் சமம். சைக்கிளில் 2 கிலோ குறைக்க லட்சக்கணக்கில் ஆகும். ஒரு ஜோடி நல்ல டயர் அதில் சிறு பங்குதான். எனக்குத் தெரிந்து, மலையேறும் சைக்கிளுக்குச் செய்யக்கூடிய செலவுகளில் முதல் செலவு இதுவாக இருக்க வேண்டும்.

சிறு உடம்புக்காரர்களுக்கு மட்டும் சைக்கிளின் எடை கூடுதலாக உறுத்தும். 80 கிலோ ஆளுக்கு 10 கிலோ சைக்கிள் என்றால் மொத்தத்தில் 11 சதவீதம். 50 கிலோ பெண்ணுக்கு அதே சைக்கிள் 17 சதவீதம். கிலோவுக்கு இத்தனை வாட் என்று ஓட்டுநரின் எடையை மட்டும் வைத்துப் பேசும்போது இது மறைந்துபோகிறது. இருவருக்கும் கிலோவுக்கு 3 வாட் என்றாலும், மேலே முதலில் போய்ச் சேருகிறவர் பெரியவர்தான்.

காற்றை ஏற்றத்தில் முழுவதும் மறந்துவிடலாமா என்றால், அது வேகத்தைப் பொறுத்தது. 10 கி.மீ.யில் காற்றின் பங்கு இரண்டரை சதவீதம். ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதால் மனதுக்குத் தெம்பு கிடைக்குமே தவிர, வாட் மிச்சமாகாது. 22 கி.மீ. வேகத்தில் ஏறும் தொழில்முறை வீரருக்குக் காற்றின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டிவிடும். டூரில் மலைமேலும் அணிகள் வரிசை கட்டிப் போவதற்கு இதுதான் காரணம். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், அது நல்லதுதானே என்று தோன்றும். சமதளத்தில் நல்லதுதான்: பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் 1972இல் ஒரு மணி நேரச் சாதனைக்கு 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரைத் தேர்ந்தெடுத்து 49.431 கி.மீ. ஓட்டினார். ஏற்றத்திலோ மெலிந்த காற்றால் கிடைக்கும் லாபம் அற்பம், ஆக்சிஜன் குறைவதால் கால் இழக்கும் திறன் அதைவிட அதிகம். ஊட்டியும் மெக்சிகோ நகரும் ஏறக்குறைய ஒரே உயரம். ஊட்டியை நெருங்கும் கடைசிக் கிலோமீட்டர்களில், மிதிக்கும் வாட்டை அளக்கும் பவர் மீட்டர் காட்டும் எண் இறங்கினால் அதற்குக் களைப்பு மட்டும் காரணமில்லை.

நீலகிரி என்றதும், இந்தச் சரிவுக் கணக்குக்கு நம்மிடம் இருக்கும் மிக நல்ல அளவுகோல் மேட்டுப்பாளையம் மலை ரயில். கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பல்சக்கரப் பகுதியின் உச்சச் சரிவு 12க்கு 1, அதாவது 8.33 சதவீதம். ஆல்ப் துவெஸின் சராசரியும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் இந்தச் சரிவில் பிடி கொள்ளாது என்பதால் நடுவில் பல் தண்டவாளம் போட்டார்கள். 1899இல் குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. ரப்பர் டயருக்கு அந்தக் கவலை இல்லை. அந்தப் பகுதியில் ரயிலின் வேக வரம்பு மணிக்கு 13 கி.மீ. நம் 70 கிலோ ஆள் அதே சரிவில் அதே வேகத்தில் போக 265 வாட் போல வேண்டும், கிலோவுக்கு 3.8 வாட். நன்றாகப் பயிற்சி பெற்ற, போட்டிகளில் ஓட்டுகிற அளவுக்கு உள்ள ஒருவரால் ஒரு மணி நேரம் அப்படி ஏற முடியும். மற்றவர்களை ரயில் முந்திவிடும்.

சராசரிச் சரிவை மட்டும் பார்த்து மலைக்குப் போவது ஆபத்து. 200 வாட்டில் நம் ஆள் 4 சதவீதத்தில் 17 கி.மீ., 8 சதவீதத்தில் 10 கி.மீ., 12 சதவீதத்தில் 7 கி.மீ. வேகம் போவார். 7க்குக் கீழே போனால் சைக்கிள் நேராக நிற்பதே சிரமம், ஹேண்டில் இப்படியும் அப்படியும் ஆடும், அதைச் சமாளிக்கவே கை களைத்துப்போகும். கொண்டை ஊசி வளைவுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வளைவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஏறும் உயரம் ஒன்றே; ஆனால் உள்பக்கத்தின் தூரம் குறைவு, ஆகவே சரிவு அதிகம். நாம் சாலையின் இடது ஓரம் போகிறவர்கள். வலது பக்கம் திரும்பும் வளைவில் தானாகவே வெளிப்பக்கம், அகலமாக, மூச்சு வாங்கிக்கொண்டு போகலாம். இடது பக்கம் திரும்பும் வளைவில் மிகச் செங்குத்தான உள்ஓரம் நமக்கு விதிக்கப்பட்டது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளிலும் இது திரும்பத் திரும்ப வரும். இடது வளைவு வருகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். நடுவளைவில், பாரம் முழுவதும் செயினில் இருக்கும்போது மாற்றப் போனால் செயின் கழன்றுகொள்ளும்.

கியர்தான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது. திறன் என்பது மிதிக்கும் விசையும் மிதிக்கும் வேகமும் சேர்ந்தது. 200 வாட்டை நிமிடத்துக்கு 81 சுற்று மிதித்தும் தரலாம், 46 சுற்று மிதித்தும் தரலாம். முதலாவதில் பெடல்மேல் சராசரியாக 14 கிலோ அளவு அழுத்தம் போதும். இரண்டாவதில் 25 கிலோ. வாட் ஒன்றுதான், தொடைக்கும் முழங்காலுக்கும் அது ஒன்றல்ல. இங்கே விற்கும் பல ரோடு சைக்கிள்களில் முன்னால் சிறிய பற்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். அதில் நம் ஆள் 8 சதவீதத்தில் நிமிடத்துக்கு 67 சுற்று மிதிக்கலாம், பரவாயில்லை. 12 சதவீதத்தில் 46ஆக இறங்கிவிடும். பின்னால் 34 பல் போட்டால் அதே இடங்களில் 81, 56 சுற்று. 200 வாட்டைத் தாண்டாதவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, பின்னால் 34 அல்லது 36 பல் கட்டாயம் வேண்டும். அதைப் போட்டால் ‘கௌரவம் குறையும்’ என்று நினைக்கும் பழக்கம் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. முழங்கால் வலியோடு பாதியில் மலையேற்றத்தையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன், அந்த எண்ணம் வேண்டாம்.

கியரே இல்லாத பழைய பெரிய சைக்கிளை ஏற்றத்தில் ஏன் எல்லோரும் தள்ளிக்கொண்டே போகிறார்கள் என்பதும் இதே கணக்குதான். ஒரு சுற்று மிதித்தால் அது ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமதளத்துக்கு அருமையான கியர். சைக்கிளே 20 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில் அதை மிதித்து ஏற்ற வேண்டுமானால் பெடலில் சராசரியாக 40 கிலோ அளவு விசை வேண்டும். பெடல் மேலும் கீழும் இருக்கும் இடங்களில் கால் எதுவும் செய்ய முடியாது என்பதால் நடுவில் உச்சம் 60 கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு மிதிக்கும் உடம்பை முழுவதுமாகத் தூக்கிப் பெடல்மேல் போட வேண்டும். இறங்கித் தள்ளினால் வேகத்தை 3 கி.மீ.க்குக் குறைத்துக்கொள்ளலாம், விழவும் மாட்டோம். தள்ளுகிறவர் செய்வது சரியான கணக்கு.

ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எண். 12 கி.மீ. ஏற்றத்தை 10 கி.மீ. வேகத்தில் ஏறி, அதே 12 கி.மீ.யை 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால், ஏற 72 நிமிடம், இறங்க 18 நிமிடம். சராசரி 25 வராது, 16தான் வரும். ஏறும் வேகத்தை 11 ஆக்கினால் ஆறரை நிமிடம் மிச்சம். இறங்கும் வேகத்தை 40இலிருந்து 50 ஆக்கினால் மிச்சமாவது மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், முழுசாக நாலுகூட ஆகாது. எதிரே பஸ் வரும் வளைவில் கூடுதலாக 10 கி.மீ. வேகத்தில் இறங்குவதற்குக் கிடைக்கும் பரிசு அவ்வளவுதான். அதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கணக்கும் வேடிக்கையானது. 80 கிலோவை 1,100 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் 206 கிலோகலோரி, நாலைந்து இட்லிக்குள் அடங்கிவிடும். ஆனால் உடம்பு தின்னும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூடப் பெடலுக்கு வந்து சேராது, மிச்சமெல்லாம் வெப்பம். 200 வாட் மிதிக்கிறவர் உடம்பு கூடவே 650 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. சமதளத்தில் 33 கி.மீ. வேகக் காற்று வியர்வையை உலர்த்திவிடும். ஏற்றத்தில் 10 கி.மீ. காற்றுதான், பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று வீசினால் அதுவும் பூஜ்யம். வியர்வை ஆவியாகாமல் சைக்கிள் சட்டத்தின்மேல் சொட்டும். கல்லாறு போன்ற ஈரமான அடிவாரங்களில் ஏற்றத்தின் முதல் அரைமணி நேரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. விடியும் முன் கிளம்புவதில் கிடைக்கும் வாட், எந்த உதிரி பாகத்திலும் கிடைக்காது.

பவர் மீட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 6 சதவீதத்துக்கு மேல் சீராக ஏறும், அரைமணி நேரமாவது நீளும் சாலை ஒன்று போதும். உடை, ஷூ, பாட்டில், சைக்கிள் எல்லாவற்றோடும் உங்கள் எடையைப் பாருங்கள். ஏறிய உயரத்தை மீட்டரிலும், எடுத்த நேரத்தை விநாடியிலும் குறித்துக்கொள்ளுங்கள். எடையை 9.81ஆலும் உயரத்தாலும் பெருக்கி நேரத்தால் வகுத்தால் புவியீர்ப்புக்குக் கொடுத்த வாட் கிடைக்கும், அதை 0.9ஆல் வகுத்தால் டயருக்கும் காற்றுக்கும் செயினுக்கும் கொடுத்ததும் சேர்ந்துவிடும். 80 கிலோ, 400 மீட்டர், 1,800 விநாடி என்றால் 174 வாட், அதை 0.9ஆல் வகுக்க 194 வாட். உயரத்தைக் கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் எண்ணிலிருந்து எடுக்காதீர்கள், அது பத்து இருபது மீட்டர் முன்னே பின்னே போகும்; சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்திலிருந்து எடுங்கள். எடையும் அன்றைய எடையாக இருக்கட்டும், பாட்டிலில் தண்ணீர் நிரப்பிய பிறகு பார்த்ததாக.